ஏழு மணி வரைக்கும் சனம் வெளியே நிற்க வேண்டுமாம்

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்து, கிரவல் றோட்டில் 6 கிலோமீற்றர் மிதித்து எங்கள் பக்கத்து விவசாயச் சந்தைக்குப் போனால் கேற்றைப் பாதி சாத்திக்கொண்டு ஒருவர் நிற்கிறார். "பொதுமக்கள் ஏழு மணிக்குப் பிறகுதான் அக்கா." புது அறிவித்தலாம், மட்டையில் எழுதிக் கம்பியில் கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னும் நாலு. சைக்கிளை உள்ளே கொண்டு வரக்கூடாது, மரக்கறியைத் தெரிந்து எடுக்கக்கூடாது, அரைக் கிலோவுக்குக் குறைய நிறுக்கமாட்டார்கள், வாசலில் வைத்து விற்கக்கூடாது. சரி, ஒரு ஒழுங்கு வேண்டும்தான், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஐந்தில் ஒன்றாவது உள்ளே நின்ற பட்டா வாகனக்காரருக்கு, அதுதான் சின்ன லொறியில் வருகிற வியாபாரிமாருக்கு, இருக்கிறதா? அவர்கள் ஐந்து மணிக்கே உள்ளே போய்விட்டார்கள்.

கம்பி வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கள் வாய்க்கால் பக்கத்து அண்ணை ஒருவர் கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தார். முதல்நாள் பின்னேரம் பிடுங்கினது, காம்பு இன்னும் பச்சையாக, முள்ளுக் கையில் குத்துகிற மாதிரி இருந்தது. வியாபாரிமார் பத்துப் பத்துக் கிலோவாக நிறுக்கிறார்கள், ஒவ்வொரு பத்துக்கும் ஒன்பது என்று கொப்பியில் எழுதுகிறார்கள். கேட்டால் கழிவாம். தராசுக்கு வருடா வருடம் அரசாங்க முத்திரை குத்த வேண்டும், அது சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் தராசு 10 என்று சொல்ல வாய் 9 என்று சொல்கிறது, அந்த மனுசன் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். வேறு என்ன செய்வார், வெயில் ஏறினால் காய் வாடிவிடும், திருப்பி ஏற்றிக்கொண்டு போக லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு டீசல் வேண்டும். கிலோ 120 ரூபாய்ப்படி காசை எண்ணிக் கொடுத்தார்கள். ஏழு மணிக்கு எங்களை உள்ளே விட்டபோது அதே கத்தரிக்காய், அதே சாக்கு, இருபதடி தள்ளி ஒரு மேசையில் 240 ரூபாய்.

அண்ணை அப்போதுதான் வெளியே வந்தார். "நீங்கள் முந்தி வந்திருந்தா 150க்குத் தந்திருப்பன் பிள்ளை" என்றார். நான் முந்தித்தான் அண்ணை வந்தேன். என்னை உள்ளே விடவில்லை.

கேற்றில் நின்ற தம்பியில் எனக்குக் கோபம் இல்லை, சொன்னதைச் செய்கிறார். அவர் சொன்ன நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். வியாபாரி மொத்தமாக எடுத்தால்தான் விவசாயி நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். உண்மைதான், மூன்று மூட்டை கத்தரிக்காயை என்னைப் போல ஆட்களுக்கு ஒவ்வொரு கிலோவாக விற்று முடிக்க ஏலாது. ஆனால் எங்களையும் ஐந்து மணிக்கே விடுங்களேன்! ஒரு மூட்டையாவது எங்களுக்குப் போகட்டும், அந்தக் கத்தரிக்காய்க்குக் கழிவும் இல்லை, இரட்டை விலையும் இல்லை. தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் 1999இல் வந்தது, அங்கே லொறிக்கணக்கில் நடக்கிற மொத்த வியாபாரத்துக்கு இப்படியான சட்டம் சரி. எங்களுடையது ஊர்ச் சந்தை. போர் நேரம் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த 90களில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் யானை விலை விற்றபோது, இந்த மண்ணின் மரவள்ளியும் முருங்கையும்தான் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. அம்மா அப்போது தோட்டக்காரரிடம் நேரே போய் வாங்குவா, நடுவில் ஒருவரும் இல்லை. இப்போது யாழ்ப்பாணத்துக்குப் போகிற A9 றோட்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது, பக்கத்து வயல்காரரின் காயை வாங்க எனக்குத் துண்டு வேண்டியிருக்கிறது.

துண்டு என்றதும் ஞாபகம் வருகிறது, சைக்கிளை வெளியே நிறுத்தி வைக்க 30 ரூபாய்த் துண்டு. மரம்கூட இல்லாத வெறும் வெளி, திரும்பி வந்தபோது சீற் கொதித்தது.

அப்புறம் அந்தக் கீரை அம்மா. எழுபது வயது இருக்கும். பொன்னாங்காணியும் வல்லாரையும் பிடி பிடியாகக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, ஒரு பனையோலை உமலில் கொண்டுவருவா. மொத்தமே இருபது பிடி இருக்காது. முழு நாள் வரி கட்டி உள்ளே இருந்தால் மிஞ்சுவது என்ன? அதனால் வாசலில் குந்துவா. அன்றைக்கு "எழும்புங்கோ ஆச்சி, சட்டம் போட்டாச்சு" என்று அவவை எழுப்பினார்கள். நாலு பிடி மண்ணில் விழுந்தது. அவ ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டித் தட்டி உமலுக்குள் வைத்தா. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வயிறு எரிந்தது. தெரிந்து எடுக்கக்கூடாது என்ற சட்டத்தால் எனக்குக் கட்டித் தந்த ஒரு கிலோத் தக்காளியில் மூன்று அழுகல், அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உள்ளே ஒருவரும் இல்லை, ஆச்சியை எழுப்ப மட்டும் இரண்டு பேர்!

கடிதம் எழுதிவிட்டேன், எங்கள் ஒழுங்கையில் பதினொரு பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கே எல்லாருக்கும் கேற்றைத் திற, கழிவை நிற்பாட்டு, கூடைக்காரருக்கு வரி எடுக்காதே. வருகிற சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு நான் அந்தக் கேற்றடியில் நிற்பேன்.