மீன் முள் மாதிரி ஒரு தாளம்

கம்ப்யூட்டரில் செய்கிற பாட்டுக்கு உயிர் கிடையாது, பட்டனைத் தட்டினால் வருவதெல்லாம் இசையா என்று என் நண்பர் போன வாரமும் ஆரம்பித்தார். பத்து வருடமாக இதே சண்டை. வழக்கமாக நான் டீ சொல்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். இந்த முறை உட்கார்ந்து ஹைப்பர்டப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், பாதியில் அவர் போனை நோண்டத் தொடங்கிவிட்டார், மீதியை இங்கே கொட்டுகிறேன்.

ஹைப்பர்டப் லண்டனில் இருக்கிற ஒரு சின்ன ரெக்கார்டு லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடுகிற நிறுவனம். நடத்துகிறவர் ஸ்டீவ் குட்மேன், டிஜே பெயர் கோட்நைன், சொந்த ஊர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, ஒலி எப்படி ஆயுதமாகிறது என்று ஒரு புத்தகமே எழுதிய ஆள். முதல் இசைத்தட்டு 2004-ல். பின்னாளில் ஸ்பேஸ்ஏப் என்ற பெயரில் தெரிய வந்த கவிஞர் அதில் பிரின்ஸின் பழைய பாட்டு ஒன்றின் வரிகளைக் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இழுத்து இழுத்துச் சொல்வார், அடியில் பேஸ், அதாவது அந்தக் கனத்த கீழ்ஸ்தாயி ஒலி, ஊர்ந்துகொண்டே இருக்கும். கிளப்பில் ஆடுகிறவர்களுக்கு விற்கிற லேபிளை ஆட முடியாத ஒரு தட்டோடு தொடங்குவது என்ன வியாபாரம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஆனால் அந்த லேபிளின் குணம் முழுக்க அந்த ஒரு தட்டிலேயே இருக்கிறது.

அப்புறம்தான் பெரியல் என்ற பெயரில் இசை செய்கிற லண்டன்காரர் வருகிறார். 2006-ல் முதல் ஆல்பம், 2007 நவம்பரில் ‘அன்ட்ரூ’. நான் அதை முதலில் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று மூடி வைத்தேன். தப்பு என்னுடையது. அந்த இசையின் பாதி பேஸில் இருக்கிறது, போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வரவே வராது, எஞ்சி நிற்பது மழை மாதிரி ஒரு இரைச்சலும் யாரோ பக்கத்து அறையில் அழுகிற மாதிரி ஒரு குரலும்தான். மாதக்கணக்கு கழித்து ராத்திரி பஸ்ஸில் ஹெட்போனில் கேட்டபோது இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். பெரியலே தன் டிராக்குகளை ராத்திரியில் தெற்கு லண்டன் தெருக்களில் காரில் போட்டுக் கேட்டுத்தான் தேறுமா தேறாதா என்று பார்ப்பாராம். இதைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என் நண்பர் கேட்கிற அந்த ‘உயிர்’ விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் எலக்ட்ரானிக் இசை செய்கிறவர்கள் சீக்வென்சர் வைத்துத் தாளத்தைக் கட்டம் கட்டமாகப் பூட்டிவிடுவார்கள், ஒரு அடி பிசகாது. பெரியல் அந்தப் பக்கமே போகவில்லை. சவுண்ட் ஃபோர்ஜ் என்ற சாதாரண எடிட்டிங் மென்பொருளில் ஒலியின் அலை வடிவத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறார். திரையில் டிரம்ஸ் ஒரு நல்ல மீன் முள் மாதிரி தெரிந்தால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தமாம், பேட்டியில் அவரே சொன்னது. அதனால்தான் அந்தத் தாளம் நொண்டுகிறது, ஒரு நொடியின் ஏதோ ஒரு துணுக்கு முந்துகிறது, பிந்துகிறது, நம் ஆட்கள் வாசிக்கும்போது கை கொஞ்சம் இழுக்குமே அந்த மாதிரி. ஆர்&பி பாட்டுகளில் இருந்து எடுத்த குரல்களையோ ஆணா பெண்ணா என்று தெரியாத அளவுக்குச் சுருதியை ஏற்றி இறக்கியிருக்கிறார். மேலே பழைய தட்டு தேய்கிற கரகரப்பு வேறு. இதையெல்லாம் சுத்தம் பண்ணி, டிரம்ஸை நேராக்கிக் கொண்டு வா என்று சொல்லியிருக்கக்கூடிய லேபிள்கள் எத்தனையோ. கோட்நைன் அப்படியே வெளியிட்டார். லேபிள் என்பது பணம் போடுகிற இடம் என்று நாம் நினைக்கிறோம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று தெரிந்த காதுதான் லேபிள் என்று நான் சொல்வேன்.

இன்னொன்று, பெரியல் தன்னை மறைத்து வைத்தது. படம் கிடையாது, மேடை கிடையாது, பெயர் கிடையாது. 2008-ல் ‘அன்ட்ரூ’ பிரிட்டனில் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கிற மெர்க்குரி பரிசின் பட்டியலில் வந்ததும் அந்த ஊரின் பெரிய பரபரப்புப் பத்திரிகை ஒன்று இவர் யார் என்று கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்பியது. கடைசியில் அந்த ஆகஸ்டில் அவரே ஒரு படத்தைப் போட்டுப் பெயரையும் சொல்லிவிட்டார், நான் பாட்டு செய்கிற சாதாரண ஆள், அவ்வளவுதான் என்கிற தொனியில். பரிசு எல்போ என்ற ராக் குழுவுக்குப் போனது. பெயர் இப்போது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நான் எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காத வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்.

ஹைப்பர்டப் என்றால் பெரியல், பெரியல் என்றால் 2007 என்று நின்றுவிடுகிறவர்கள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. 2013-ல் சிகாகோவின் டிஜே ரஷாத் செய்த ‘டபுள் கப்’ என்ற ஃபுட்வொர்க் ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஃபுட்வொர்க் என்பது அந்த ஊர்ப் பையன்கள் வட்டம் கட்டி ஒருவரை ஒருவர் காலால் வெட்டி ஆடுகிற ஆட்டத்துக்கான இசை, நிமிடத்துக்கு 160 அடி. அந்த வேகத்துக்கு நடுவே ரஷாத் பழைய சோல் பாட்டு ஒன்றின் அரை வரியை எடுத்துத் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டுவார், கால் ஓடிக்கொண்டிருக்க நெஞ்சு மட்டும் நின்றுவிடும். மறு வருடம் ஏப்ரலில் ரஷாத் இறந்துவிட்டார், வயது 34. லேபிளின் பத்தாவது ஆண்டு அது. அதே ஆண்டு அக்டோபரில் புற்றுநோயில் ஸ்பேஸ்ஏப்பும் போனார், முதல் தட்டில் பேசிய அதே குரல். அடுத்த வருடம் கோட்நைன் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் ‘நத்திங்’. கடைசி டிராக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, வெறும் நிசப்தம்தான் சில நிமிடங்களுக்கு ஓடுகிறது. இதைக் கேட்டுவிட்டு மெஷின் இசையில் துக்கம் இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

எல்லாமே தங்கம் என்று சொல்ல வரவில்லை. சில வெளியீடுகள் தத்துவ வகுப்பு நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும், யோசனை பிரமாதம், இரண்டாவது தடவை கேட்கத் தோன்றாது. பெரியலின் சமீபத்திய தட்டுகள் சிலவற்றில் கரகரப்பு மட்டும்தான் மிச்சம். ஆனால் அங்கோலா உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிப் படையில் இருந்த அப்பாவின் போர்க்கால நினைவுக் குறிப்புகளை வைத்து நசார் என்ற இசைக்கலைஞர் 2020-ல் செய்த ‘கெரில்லா’வை வேறு யார் வெளியிட்டிருப்பார்கள்? குடூரோ என்பது அவர்கள் ஊரில் கொண்டாட்ட இசை, அதை உடைத்துத் தகரத்தில் அடிக்கிற மாதிரி ஆக்கியிருக்கிறார். வடக்கு லண்டன் என்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த லொரெய்ன் ஜேம்ஸின் 2019 ஆல்பமும் இங்கேதான் வந்தது. டிரம்ஸ் கண்ணாடி உடைகிற மாதிரி சிதறும், நடுவே ஒருவர் தயங்கித் தயங்கிக் காதலைச் சொல்வார். பழைய ஹைப்பர்டப் திரும்ப வேண்டும் என்று புலம்புகிறவர்கள் இந்த இரண்டையும் முழுசாகக் கேட்டுவிட்டு வந்து புலம்பலாம்.

நண்பருக்கு நேற்று ராத்திரி ‘அன்ட்ரூ’வை அனுப்பி, ஹெட்போனில் மட்டும் கேளுங்கள், போனில் போட்டால் நட்பு கட் என்று எழுதினேன். காலையில் பதில் வந்திருந்தது: “ஏதோ கரகரன்னு வருதே, பாட்டே அப்படித்தானா, இல்ல என் ஹெட்போன் போயிடுச்சா?” அவர் அனுப்பிய நேரம் ராத்திரி இரண்டு மணி பத்து. மனுஷன் கடைசி டிராக் வரைக்கும் கேட்டிருக்கிறார்.