20 வினாடி மன்னிப்பும் ஒரு பீர் கேனும்

நேற்றைய சண்டை பற்றி இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன். "20 வினாடி முன்னால் கிளம்பியதற்கே ரயில்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், நேரம் தவறாமை ஜப்பானியர் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று சுற்றிய ஃபார்வர்டுக்கு நான் போட்டது ஒரே வரி: "ரயில் நேரம் ரத்தத்தில் வருவதில்லை." அதற்குத்தான் "ஜப்பானில் சம்பாதித்துவிட்டு ஜப்பானையே பேசுகிறாயா" என்று அத்தனை வசவு.

20 வினாடி முன்னால் கிளம்பியதற்கு சுகுபா எக்ஸ்பிரஸ் என்ற டோக்கியோ ரயில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது உண்மை, 2017-இல். அதற்கு முந்தைய மாதம்தான் கோபே ஸ்டீல் என்ற ஜப்பானிய உருக்கு நிறுவனம் தரச் சான்றிதழ்களில் எண்களை மாற்றி எழுதியதாக ஒப்புக்கொண்டது. அதை ஏன் ஒருவரும் பகிர்வதில்லை? ஒருவேளை அது வேறு ரத்தமோ!

2005 ஏப்ரல் 25, ஜப்பானின் அமாகசாகியில் ரயில் விபத்து. 23 வயது ஓட்டுநர், முந்தைய நிலையத்தில் பிளாட்பாரத்தைத் தாண்டி நிறுத்திவிட்டார். தாமதம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. 70 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டிய வளைவில் 116-இல் போனார். அவரையும் சேர்த்து 107 பேர் செத்தார்கள். அந்த ரயில் நிறுவனத்தில் அப்போது தப்பு செய்த ஓட்டுநருக்கு "மறுபயிற்சி" என்ற பெயரில் திட்டு, பக்கம் பக்கமாக மன்னிப்புக் கடிதம், புல் பிடுங்கும் வேலை. அந்தப் பயத்தை விசாரணை அறிக்கையே பேசியது. ரத்தமாம், ரத்தம். பயம் சார்.

"அப்போ நம்ம ஊர் தாமதம் பரவாயில்லையா?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. அடுத்தது.

"அவர்கள் கலாச்சாரம் அப்படி." 1950-இல் அங்கே போய்த் தரக் கட்டுப்பாட்டு வகுப்பெடுத்த டெமிங் அமெரிக்கர். அவர் பெயரில் ஜப்பான் தரும் விருதை 1998-இல் வாங்கியது நம்ம சென்னை பாடி சுந்தரம் கிளேட்டன் கம்பெனி. பாடியில் எந்த ரத்தம் ஓடுகிறதாம்?

உங்களுக்கு இது வெறும் ஃபார்வர்ட். எனக்கு அப்படியில்லை. டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியேறிய முதல் மாதம். தனியாகப் போடவேண்டிய பீர் கேனை யாரோ எரிக்கும் குப்பைப் பையில் போட்டிருந்தார்கள். குப்பை வண்டி எடுக்காமல், சிவப்பு ஸ்டிக்கரோடு பை அங்கேயே கிடந்தது. கட்டடத்தில் 12 வீடு. மேனேஜர் நேராக என் வீட்டு மணியை அடித்தார். கோபமே இல்லை, அதுதான் கொடுமை. இரண்டு தடவை குனிந்து, "இந்தியர்களுக்கு இது கஷ்டம்தான்" என்று சிரித்தார். மற்ற 11 வீட்டுக்காரர்களும் ஜப்பானியர்கள், தப்பே செய்யமாட்டார்கள் அல்லவா.

நான் குடிப்பதே இல்லை. அதைச் சொல்ல ஜப்பானிய மொழியும் அப்போது வராது. தெரிந்த ஒரே வார்த்தை "சுமிமாசென்", மன்னிக்கவும். அதைச் சொல்லி, கேனை வாங்கி, கழுவி, கவிழ்த்துக் காயவைத்தேன்.