புகாரை வாங்கவே மாட்டேன் என்றால்?

தாக்கப்பட்ட திருநங்கை ஸ்டேஷனுக்குப் போனால் புகாரை வாங்காமலே திருப்பி அனுப்புகிறார்கள் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. என் தோழிக்குத் துணையாகப் போனபோது நேரில் பார்த்தேன். புருவத்தில் ரத்தம்கூடக் காயவில்லை, "நிஜப் பேர் என்ன? ராத்திரியில் அங்கே உனக்கென்ன வேலை?" என்றுதான் விசாரணையே ஆரம்பித்தது. அலைந்து திரிந்து கடைசியில் கிடைத்தது ஒரு சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான ஒப்புகைச் சீட்டு மட்டும். வழக்குப் பதிந்ததற்கான எஃப்ஐஆர் இல்லை.

காவலர்களின் சித்திரவதை தாங்காமல் தீக்குளித்து இறந்த ஒரு திருநங்கையின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-லேயே தீர்ப்பளித்தது. 2022-ல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலும் திருநர், தன்பாலீர்ப்பினர் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தார்கள். சரி, அந்த விதிப்படி இதுவரை எத்தனை பேர் மீது நடவடிக்கை? மாவட்ட வாரியாக வெளியிடட்டும்.

சட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2019-ல் திருநர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, பாலியல் வன்முறைக்கும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரைதான் தண்டனை வைத்தார்கள். பெண்ணைப் பலாத்காரம் செய்தால் குறைந்தது 10 ஆண்டு. ஏன் இந்தப் பாகுபாடு? எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இதைப் படிக்கும் தோழிகளே, அடிபட்டால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தை ஏஆர் (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்பிக்கு அனுப்புங்கள், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173(4) பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. தனியாக மட்டும் போகாதீர்கள்.