உண்மை விளக்கம்: எண்ணெய் குடித்தால் பனடோல் ஈரலைத் தொடாதா?

சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்களின் புலனக் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "ஒரு கரண்டி செம்பனை எண்ணெயோ மீன் எண்ணெய் மாத்திரையோ எடுத்துக்கொண்டால், பனடோல் எத்தனை போட்டாலும் ஈரல் கெடாது." இது தவறு.

இந்தப் பேச்சு வெறும் கற்பனையில் முளைத்ததல்ல. உணவுக் கொழுப்பு ஈரலைக் காக்குமா என்று எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள். சில மருந்துச் சோதனைகளில் மீன் எண்ணெய் பாதிப்பைக் குறைத்தது. ஆனால் சாராயம் கொடுத்த எலிகளிடம் அதே மீன் எண்ணெய் ஈரலை மேலும் கெடுத்தது. அங்கே நெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்புதான் காத்தது. எந்த எண்ணெய், எந்த விஷம் என்பதைப் பொறுத்துக் கதையே மாறுகிறது. சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பவர் இதைக் கேட்டுவிட்டு மீன் எண்ணெயை நம்பினால் என்ன ஆவது?

சரி, பனடோல் எப்படிக் கெடுக்கிறது? அதிலுள்ள பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கை ஈரல் நச்சாக மாற்றுகிறது. ஈரலிலேயே இருக்கும் குளுட்டதயோன் என்ற காப்புப்பொருள் அதை அடக்கிவிடும். அளவு மிஞ்சினால் குளுட்டதயோன் தீர்ந்து, ஈரல் செல்கள் சாகின்றன. தீர்ந்த குளுட்டதயோனை ஈடுகட்டும் நச்சுமுறிவு மருந்து அசெட்டைல்சிஸ்டீன். விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம்.

ஆரோக்கியமான பெரியவருக்கு நாள் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மெலிந்தவருக்கும் குடிப்பவருக்கும் இன்னும் குறைவு. சளிமருந்து பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு, அதையும் கூட்டுங்கள். அளவு மிஞ்சிவிட்டால், முதல் நாள் ஒன்றும் தெரியாவிட்டாலும், எண்ணெய் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.