அட்டையில் இருப்பது என் அம்மா இல்லை

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களின் ஒன்றுகூடல் மலரைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் "சிலருக்கு எதைச் செய்தாலும் குறைதான்" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. அதனால் என் சொந்தப் பக்கத்தில், என் பெயரிலேயே எழுதுகிறேன்.

மலரின் அட்டையில் இருக்கும் பெண் என் அம்மா இல்லை. அம்மாவின் படத்தை உள்ளே போட்டு, செயற்கை நுண்ணறிவு செய்து கொடுத்த வேறு யாரோ. அடியில் அம்மாவின் பெயர் மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் அச்சாகியிருக்கிறது.

பழைய படங்கள் வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். அச்சில் போடுவதற்குக் கொடுத்தேன். அதை மாற்றப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, மாற்றலாமா என்று கேட்கவும் இல்லை. என் கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. கேட்கவில்லை.

உண்மையான படத்தில் அம்மா ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்பார். தலையில் துண்டு. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கீழே கைலி. சட்டையில் பால் பட்டுக் காய்ந்து கறுத்த திட்டுகள். வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கியிருப்பார். சிரிக்கமாட்டார். டவுனிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் சிரிக்கச் சொல்லியும் அம்மா சிரிக்கவில்லை என்று அத்தை பலமுறை சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து நின்ற கால், இன்னும் நிறுவை முடியவில்லை, வீட்டில் பிள்ளைகள். எதற்குச் சிரிக்க வேண்டும்?

மலரில் இருப்பவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறார். பல் தெரியச் சிரிக்கிறார். காதில் ஜிமிக்கி, கொண்டையில் மல்லிகைச் சரம். இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியவர்களில் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு பால் வெட்டப் போனார்களா? நம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே மலர்க் குழுவில் இருந்தீர்கள்?

உள்ளே அதே மாதிரி இயந்திரத்தால் செய்து போட்ட பால்மரப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி வெட்டு. அப்படிச் சுற்றிலும் பட்டையை எடுத்தால் மரமே பட்டுப்போகும். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். மரத்துக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கும். இப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக இறங்கும். கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையில் காயம் பட்டாலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சும்மா விடமாட்டார். இது எங்கள் அம்மாக்களின் கையில் இருந்த தொழில். அந்தப் படத்தில் பால் பிடிக்கும் மங்கு இருக்க வேண்டிய இடத்தில் பிடி வைத்த கோப்பிக் கோப்பை இருக்கிறது. உச்சி வெயில் அடிக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இருட்டில் காட்டுக்குள் போனார்கள். படத்துக்குத் தலைப்பு, "நம் முன்னோரின் உழைப்பு".

குழுவிலேயே பால் வெட்டிய கைகள் இருந்தன. அவர்களிடமாவது ஒரு தடவை காட்டிக் கேட்டிருக்கலாம்.

சரி, மற்றவர்கள் சொன்னதற்கும் சொல்லப்போவதற்கும் வருகிறேன்.

"காசு இல்லை, ஓவியருக்குக் கொடுக்க முடியாது" என்றார்கள். மண்டபத்துக்குக் காசு இருந்தது. ஒரே நிறத்தில் சட்டை அடிக்கக் காசு இருந்தது. ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணமே கொடுத்தோம், அதில் என் பங்கும் உண்டு. நம் தாமான் குடியிருப்பில் படம் எழுதும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். கோயில் திருவிழாவுக்குத் துணியில் அம்மன் எழுதியவர். பள்ளி நாடகத்துக்குப் பின்திரை எழுதியவர். அச்சுப் பேனர் வந்ததும் வேலை குறைந்தது, இப்போது சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார். அவர் அப்பாவும் நம் தோட்டத்தில் பால் வெட்டியவர்தான். அவரிடம் போய் "அண்ணே, மலருக்கு ஒரு படம் எழுத முடியுமா, எவ்வளவு ஆகும்" என்று யார் கேட்டீர்கள்? அவர் இலவசமாகக்கூடச் செய்திருப்பார். இலவசமாகச் செய்ய வைப்பதும் சரியில்லை, அது வேறு விஷயம். காசு இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அவரிடம் பேச வேண்டாமா? பேசாமலேயே அவரால் முடியாது, அவருக்குக் கட்டுப்படியாகாது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

அடுத்தது, "ஓவியர்களும் பிறர் படத்தைப் பார்த்துத்தானே கற்கிறார்கள், இயந்திரமும் அப்படித்தான்" என்ற வாதம். படித்த பிள்ளைகள் இதைச் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். இந்த மாதிரி இயந்திரங்களைப் பழக்க 2022-இல் வெளியான ஒரு தொகுப்பில் மட்டும் 585 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் இணைப்புகள் அவற்றின் விவரிப்போடு இருந்தன. இணையத்தில் கிடந்ததை எல்லாம் வாரிச் சேர்த்தது. ஓவியர், புகைப்படக்காரர், வீட்டு விசேஷப் படம் போட்ட சாதாரண மனிதர் என்று யாரிடமும் முன்கூட்டி அனுமதி வாங்கவில்லை. அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். பதிப்புரிமையை மீறினார்கள் என்ற குற்றச்சாட்டைத் தொடர்ந்து நடத்தலாம் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அனுமதித்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில், ஓவியர்கள் தங்கள் படத்தை இணையத்தில் போடும் முன் இயந்திரம் அதன் பாணியைச் சரியாகப் படிக்க முடியாதபடி நுணுக்கமாக மாற்றித் தரும் மென்பொருளையே செய்திருக்கிறார்கள். தன் படத்தைத் தானே மறைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் ஓவியர் இருக்கிறார். நம் படம் எழுதும் அண்ணன் ஈப்போவில் ஒரு வாத்தியாரிடம் எடுபிடியாக இருந்து கற்றவர். இன்றைக்கும் அந்த வாத்தியாரின் பெயரைச் சொல்லாமல் தன் தொழிலைப் பற்றிப் பேசமாட்டார். அவர் கற்றதும் இயந்திரம் வாரிக்கொண்டதும் எப்படி ஒன்றாகும்?

"கேமரா வந்தபோதும் இப்படித்தான் புலம்பினார்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கேமரா என் அம்மாவை அம்மாவாகத்தான் எடுத்தது. அவருக்கு இதற்கு மேல் பதில் சொல்லத் தேவையில்லை.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. என் மகளுக்கு ஏஐ மூலம் பாடம் விளங்குகிறது, நானே பார்த்திருக்கிறேன். எதிர்க்கிறேன் என்று யாராவது எழுதினால் இந்தப் பத்தியை மறுபடி படியுங்கள். 2024-இல் வந்த 'லால் சலாம்' படத்தின் பாட்டு ஒன்றில், மறைந்துபோன பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இரண்டு பேரின் குரலையும் ஏ.ஆர்.ரகுமான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதாகவும் உரிய ஊதியம் கொடுத்ததாகவும் அவரே அறிவித்தார். இறந்தவர் குரலை இப்படிக் கேட்பது சரியா என்று அப்போதும் பலர் கேட்டார்கள், எனக்கும் அதில் முழுச் சம்மதம் கிடையாது. ஆனாலும் அவர் போய்க் கேட்டார். அதே ஆண்டில், எஸ்.பி.பி.யின் குரலைத் தங்களைக் கேட்காமல் ஒரு தெலுங்குப் படத்துக்காக உருவாக்கியதாகச் சொல்லி அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். எவ்வளவு பெரிய பாடகராக இருந்தால் என்ன, மகனுக்கு அது அப்பாவின் குரல். என் அம்மா பாடகி இல்லை. ஊருக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. அதனால் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடுமா?

சட்டம் பேச வரவில்லை. பேசினாலும், நம் மலேசிய நாட்டு 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே, ஒருவர் படைத்ததை அவர் மதிப்புக் கெடும்படி சிதைக்கக் கூடாது என்ற உரிமை படைத்தவருக்கு இருக்கிறது. அந்த ஸ்டூடியோக்காரரை ஒருவராவது நினைத்துப் பார்த்தீர்களா? 2024 செப்டம்பரில் அறிவியல், தொழில்நுட்ப அமைச்சு செயற்கை நுண்ணறிவுக்கான தேசிய வழிகாட்டியை வெளியிட்டது. கட்டாயம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அதன் ஏழு கொள்கைகளில் வெளிப்படைத்தன்மையும் ஒன்று. மலரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். "இது ஏஐ செய்த படம்" என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. என் அக்கா மகன் அட்டையைப் பார்த்துவிட்டு, "பாட்டி இவ்வளவு சிவப்பா?" என்று கேட்டான். அவன் பாட்டியைப் பார்த்ததில்லை. இனிமேல் அவன் மனதில் இருக்கப்போவது எந்த முகம்?

"அழகாகத்தானே இருக்கிறார், இதில் என்ன வருத்தம்" என்று கேட்ட அக்காவுக்கு: என் அம்மா கறுப்பு. அம்மா அழகு. வெளுப்பாக்கினால்தான் அட்டைக்குப் பொருந்துவார் என்று ஓர் இயந்திரம் முடிவு செய்தது, நம் ஆட்கள் அதைப் பார்த்துத் தலையாட்டி அச்சுக்கு அனுப்பினார்கள். கறுத்த, சிரிக்காத, அழுக்குச் சட்டை போட்ட ஒரு பெண்ணை அப்படியே அட்டையில் போட உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. இதைச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். எனக்கும் கோபம் இருக்கிறது.

படங்களைச் செய்த தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. வேலை முடித்து வந்து ராத்திரி கண்விழித்துச் செய்திருக்கிறான், பெரியவர்கள் சொன்னதைத்தான் செய்தான். அவனை யாரும் திட்ட வேண்டாம். ஒப்புதல் கொடுத்தவர்கள் பதில் சொல்லட்டும்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய் என்று தங்கை நேற்று போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நம்மிடம் எப்போது யார் கேட்டார்கள்? வெள்ளைக்காரத் துரைமார் விற்ற தோட்டங்களைத் துண்டு போட்டபோது லயத்து வீடுகளில் இருந்தவர்களைக் கேட்கவில்லை. அந்தத் துண்டாடலில் ஜனங்கள் தெருவுக்கு வந்த காலத்தில்தான், நம் சுங்கை சிப்புட்டின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் 1960-இல், தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். உலகத்திலேயே அதிகமாக ரப்பர் கொடுத்த நாடு இது, அதில் நம் ஆட்களின் கை எவ்வளவு! அப்புறம் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள், கேட்கவில்லை. எங்கள் லயத்தை இடித்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை போனது, நாங்கள் தாமானுக்கு வந்தோம். எதற்கும் யாரும் எங்கள் வாசலில் வந்து நின்று "இப்படிச் செய்யலாமா" என்று கேட்டதில்லை. அதெல்லாம் வெளியாட்கள் செய்தது. இந்த மலரை நாம் செய்தோம். நாமாவது ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எங்களிடம் படங்களும் அதிகம் கிடையாது. துரைமார் எடுத்த படங்களில் நம் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், ஒருவருக்கும் பெயர் இருக்காது. வீட்டில் இருந்ததில் பாதி வெள்ளத்தில் போனது, மீதியில் பாதி வீடு மாறும்போது போனது. அம்மாவுக்கு மொத்தமே கல்யாணப் படம் ஒன்று, அடையாள அட்டைப் படம் ஒன்று, இது ஒன்று. மிஞ்சியதில் ஒன்றை எடுத்து வேறு முகம் வைத்துவிட்டார்கள்.

மலருக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறதாம். அதில் ஸ்டூடியோக்காரர் எடுத்த படத்தை உள்ளபடியே போடுங்கள், இல்லாவிட்டால் அம்மாவின் பெயரை எடுத்துவிடுங்கள். பால்மரப் படத்தை எடுத்துவிட்டுப் படம் எழுதும் அண்ணனிடம் பேசுங்கள், கூலி பேசிவிட்டு. எனக்கு முடிந்ததை நானும் தருகிறேன். ஏஐ படம் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்றால், அடியில் அப்படியே எழுதிவிடுங்கள்.

வீட்டில் தோட்டத்துப் பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து நகல் எடுத்துக்கொள்கிறேன், மூலப்படம் உங்களிடமே இருக்கட்டும். படத்தில் இருப்பவர்கள் பெயரோடு, எடுத்தவர் யார் என்று தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டவுன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருந்த அந்தச் சீனப் பெரியவரின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?