ஒரு கேபிளைச் சொருகினால் போதாதா?

சாட்டிலைட் சிக்னலைப் பிடிக்க உட்கார்ந்தால், எஸ்டிஆர் ரேடியோவுக்கும் (சிக்னலை சாஃப்ட்வேரால் அலசும் ரேடியோ) கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஈதர்நெட் கேபிள். அதற்கு மனுஷன் உயிரை விட வேண்டுமா?

சொருகியதும் பச்சை விளக்கு மினுக்குகிறது. சாஃப்ட்வேரோ கருவியே இல்லை என்று சாதிக்கிறது. ஏனென்றால் ரேடியோ 192.168.10.2 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப்போ தனக்கு ஒரு முகவரி தரும் டிஹெச்சிபி சர்வரைத் தேடி அலைகிறது. கேபிளின் அந்த முனையில் சர்வர் எங்கிருந்து வரும்? சரி, கையாலேயே 192.168.10.1 கொடுத்தால், ரேடியோ அனுப்பும் யுடிபி பாக்கெட்டுகளை, அதாவது தரவுப் பொட்டலங்களை, ஃபயர்வால் விழுங்குகிறது. அதைத் திறந்தால், ரேடியோவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளின் பதிப்பு பொருந்தவில்லையாம்!

எல்லாம் முடிந்து திரையில் சிக்னல் விரியும்போதுதான் டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலில் 'டி டி டி' என்று ஓட ஆரம்பிக்கும். ஓவர்ஃப்ளோ, அதாவது வரும் தரவை வாங்க இடமில்லாமல் வழிகிறது. அந்த 'டி'யைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. விநாடிக்கு 2.5 கோடி சாம்பிள் (சிக்னலை அளந்தெடுத்த எண்கள்), ஒவ்வொன்றும் 32 பிட் என்றால் விநாடிக்கு 80 கோடி பிட். ஜிகாபிட் லைனையே முட்டுகிற வேகம் இது. பல லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இதை வாங்கிவைக்கும் பஃபர் தொடக்கத்தில் வெறும் 2,12,992 பைட். கம்ப்யூட்டர் 2 மில்லி விநாடி வேறு பக்கம் திரும்பினால் போச்சு, சாம்பிள் கொட்டிவிடும். பஃபர் போதாது என்று ரேடியோவை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரே எச்சரிக்கிறது. தெரிகிறதல்லவா? அப்புறம் இன்ஸ்டால் ஆகும்போதே அதைக் கூட்டிவைத்தால் என்ன? நாம் டெர்மினலில் கூட்டிவைத்தாலும் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய எண்ணுக்கே திரும்பிவிடுகிறது. அதற்குள் சாட்டிலைட் தலைக்கு மேலே வந்து போயே போய்விட்டது!