என் மேசையில் இருக்கும் மெதுவான கைப்பேசி

இணையத்தள உருவாக்கத் துறைக்குப் புதிதாக வரும் இளையர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மடிக்கணினி வாங்கலாம், எத்தனை அங்குலத் திரை வைக்கலாம் என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. கேள்வியில் தவறில்லை, நாளின் பெரும்பகுதியை அந்தக் கருவிகளோடுதான் அவர்கள் கழிக்கப்போகிறார்கள். ஆனாலும் நான் அவர்களை முதலில் வாங்கச் சொல்வது, சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த, விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியைத்தான். அதை மேசையின் மேல் கண்ணில் படும் இடத்தில், எப்போதும் மின்னேற்றிய நிலையில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் இருக்கும் கருவிகள் அனைத்திலும் அதையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் கண்ணாடியிழை இணைப்பு வந்துவிட்டது. விநாடிக்கு 1 கிகாபிட் என்பது சாதாரண வீட்டுத் திட்டமாகி, இப்போது 10 கிகாபிட் இணைப்பையும் விற்கிறார்கள். அப்படியொரு இணைப்பில், புதிய மடிக்கணினியில், முன்பே திறந்து கோப்புகளெல்லாம் உலாவியில் சேமிக்கப்பட்டுவிட்ட ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கும் உருவாக்குநருக்கு, எந்தத் தளமும் கண்ணிமைக்கும் நேரத்தில் வருவதாகவே தோன்றும். சுருக்கப்படாத படங்களும், எவரும் பார்க்காத நகரும் பதாகைக்காகச் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களும் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) பக்கத்தை எவ்வளவு கனமாக்கியிருக்கின்றன என்பது அந்த மேசையில் தெரியவே தெரியாது. என் வேலையிடம் என்னிடம் பொய் சொல்லக் கூடாது என்பதுதான் கருவிகளைத் தேர்ந்தெடுப்பதில் நான் பார்க்கும் முதல் தகுதி.

வேலை நேரத்துக்கு வெளியே, சமூக அமைப்பு ஒன்றின் நிகழ்ச்சிப் பதிவுத் தளத்தை நான் பராமரித்து வருகிறேன். அதைத் திறப்பவர்களில் பலர் வெளிநாட்டு ஊழியர்கள். தங்கும் விடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியில், முன்கட்டண அட்டையில் எஞ்சியிருக்கும் தரவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்கள் அவர்கள். இன்னும் சிலர், பிள்ளைகள் புதியது வாங்கியபோது கைமாறி வந்த பழைய கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கும் மூத்தோர். 2024இல் இங்கே 3ஜி சேவை நிறுத்தப்பட்டதோடு மெதுவான இணைப்பைப் பற்றிய கவலையும் முடிந்தது என்று நினைக்கத் தோன்றலாம். ஆனால் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் நின்றுகொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். அதோடு, கைப்பேசியின் சில்லு பழையதாக இருந்தால், இணைப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், வந்து சேர்ந்த நிரலைப் படித்து இயக்குவதற்குள் அது திணறிவிடும். இந்த இரண்டாவது தடை பலருடைய கணக்கில் வருவதே இல்லை.

குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் இணைப்பின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. கணினியின் சில்லை 4 மடங்கு, 6 மடங்கு மெதுவாக்கிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. நான் இரண்டையும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் திரை பதில் தர வேண்டும் என்று கூகல் வகுத்திருக்கும் அளவுகோல்களும் பயனுள்ளவைதான். ஆயினும் பாவனை பாவனைதான். உண்மையான கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்துவிட்டால், அதில் ஓடும் பக்கத்தை மடிக்கணினித் திரையிலிருந்தே பிரித்து ஆராய முடியும். அத்துடன், கட்டைவிரலுக்கு எட்டாத பொத்தான், விசைப்பலகை எழுந்ததும் அதன் அடியில் மறைந்துபோகும் படிவம், எழுத்தைப் பெரிதாக்கியதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் வரிகள் ஆகியவை கையில் பிடித்துப் பார்க்கும்போதுதான் உறைக்கின்றன.

தமிழ்ப் பக்கம் என்றால் அந்தக் கைப்பேசியின் தேவை இன்னும் கூடுகிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கணினிகளில் நிர்மலா இருக்கிறது. ஆகவே நீண்ட உரைக்குக் கருவியில் இருப்பதையே பயன்படுத்திவிட்டு, தலைப்புகளுக்கு மட்டும் முக்தா மலர் போன்ற ஒன்றைத் தருவிக்கிறேன். தரவும் மிச்சம், காத்திருப்பும் மிச்சம். ஆங்கிலத்துக்கு எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வரி உயரம் வைக்கும் இடத்தில் தமிழுக்கு 1.7 அல்லது 1.8 வைக்கிறேன். மேலே கீ, வீ போன்ற எழுத்துகளின் சுழியும் கீழே கூ, ழூ போன்றவற்றின் வளைவும் முட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கும் பொத்தான் தமிழில் இரண்டு வரியாகும் என்பதை வடிவமைப்பாளரிடம் வாதாடுவதைவிட, கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிடுவது சுலபம். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிட நான் ஒருபோதும் மறப்பதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறுகிறது.

இதையெல்லாம் சிங்கப்பூரிலிருந்து எழுதும்போது நா. கோவிந்தசாமியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1995இல் இந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏற்றப்பட்டபோது, தமிழ் எழுத்து உலாவியில் தெரிவதற்கு வழி செய்தவர் அவர். எழுத்துருவைத் தனியே இறக்கி நிறுவினால்தான் தமிழைப் படிக்க முடியும் என்றிருந்த காலம் அது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோட் பரவிய பிறகு அந்தச் சிரமம் நமக்கில்லை. ஆனாலும் அந்தக் காலத்தின் மிச்சம் இன்னும் என் மேசைக்கு வருகிறது: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சான விழா அறிவிப்பைத் தளத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் கிடைக்கும். அதனால் பாமினியை யுனிகோடாக மாற்றும் ஒரு மாற்றி என் உலாவியின் புத்தகக்குறிப் பட்டையில் நிரந்தரமாக இடம்பிடித்திருக்கிறது.

நிரல் எழுதுவதற்கு விஎஸ் கோட், பதிப்புகளைக் காப்பதற்கு கிட். இவற்றில் புதுமை ஏதுமில்லை, துறையில் உள்ளவர்களிடம் விளக்கவும் தேவையில்லை. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வலியுறுத்துவேன். தமிழ் வாசகங்களை நிரலுக்கு நடுவே எழுதாமல் தனிக் கோப்புகளில் வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதப் பயன்படும், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் சீரகல எழுத்துருக்களில் பெரும்பாலும் தமிழ் இல்லாததால், சுட்டி ஓரிடத்தில் நிற்க எழுத்து வேறிடத்தில் விழும். இன்னொரு சிக்கலும் உண்டு: ‘தமிழ்’ என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் ஐந்து. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று வரம்பு வைக்கும் படிவங்கள் தமிழ்ப் பெயர்களைப் பாதியில் வெட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துகளைப் பிரித்து எண்ணும் செக்மென்டர் வசதி 2024 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைப்பதால், அந்த வரம்புகளைச் சரியாக வைக்காமல் இருப்பதற்கு இனிச் சாக்குச் சொல்ல முடியாது.

விசைப்பலகைக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்தேன். ஓசை எழாத விசைகள் கொண்ட இயந்திர விசைப்பலகை அது. பக்கத்து அறையில் பிள்ளை உறங்கும் வீட்டில் வேறு வகை சரிப்படாது. தமிழுக்குத் தமிழ்99 முறையையே வைத்திருக்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான அந்த முறையில் உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் வருகின்றன; ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழுகிறது. பழகிவிட்டால் விரல்களுக்கு அவ்வளவு ஓய்வு. மேக் கணினியில் அது இயல்பாகவே இருப்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

அறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டின் சிறிய படுக்கையறைதான் என் அலுவலகம். மேற்கு வெயில் திரையில் விழாதபடி மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டிருக்கிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் செயற்கைத்தோல் உரிந்து உதிரும் என்பதால் நாற்காலி வலைத்துணி முதுகு கொண்டது. அவசர காலத்தில் ஒதுங்குவதற்கென வீட்டுக்குள்ளேயே கட்டப்பட்ட பாதுகாப்பறையின் தடித்த கான்கிரீட் சுவர் குறுக்கே நின்று வைஃபையை மறிப்பதால் மடிக்கணினிக்குக் கம்பி இணைப்பு. திரை 27 அங்குலம். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

அலுவலகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு மடிக்கணினி வாங்கும்போது, குழுவுக்குப் பொதுவாக இரண்டு மலிவுக் கைப்பேசிகளையும் வாங்கிக் கொடுங்கள். ஒரு தளத்தை வெளியிடும் முன் அவற்றில் திறந்து, தமிழ்ப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஒப்புதல் தாருங்கள். தனியாக வேலை செய்பவர்கள் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரிலோ, பழைய பொருள்களை விற்கும் கரோசல் தளத்திலோ பழைய கைப்பேசி ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். மின்கலம் தாங்கினால் போதும், கீறல் இருந்தால் பரவாயில்லை. ஆனால் அத்தகைய கைப்பேசிகளுக்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றுபோயிருக்கும் என்பதால், வாங்கியதும் அனைத்தையும் அழித்துவிட்டுச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; அரசாங்கச் சேவைகளுக்கான அடையாளச் செயலியான சிங்பாஸையும் வங்கிச் செயலிகளையும் அதில் நிறுவாதீர்கள்.